காலைப் பார்த்து ஷூ வாங்குவதா, காலைக் கேட்டு வாங்குவதா?

மெல்லோட்டம்:
ஓட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கைந்து கிலோமீட்டர். இதுவரை வீட்டில் கிடந்த பழைய ஷூவில்தான் ஓடினேன். அதன் அடிப்பகுதி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டதால் போன வாரம் புதிதாக வாங்கப் போனேன்.

கடையில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, பின்னாலிருந்து காலைப் படம் பிடித்தார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, "உங்கள் கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது. ஓவர் ப்ரொனேஷன். ஸ்டெபிலிட்டி ஷூதான் போட வேண்டும், இல்லாவிட்டால் முட்டி போய்விடும்" என்றார்கள். போட்டுப் பார்த்தேன். பாத வளைவுக்கு அடியில் கூழாங்கல் கிடப்பது போல உறுத்தியது. பக்கத்தில் இருந்த சாதாரண ஷூ ஒன்றை மாட்டினால், மாட்டியதே தெரியவில்லை. "அது உங்களுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

படம் சொல்வதை நம்புவதா, கால் சொல்வதை நம்புவதா?

பழையலேஸ்:
படத்தை நம்புங்கள் தம்பி. பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன். முதல் இரண்டு வருடம் நானும் 'மெத்தென்று இருக்கிறது' என்று கண்ட ஷூவையும் வாங்கினேன். ஓட்டம் பத்து கிலோமீட்டரைத் தொட்டபோது முட்டியின் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. ஸ்டெபிலிட்டி ஷூவுக்கு மாறினேன், இரண்டே மாதத்தில் வலி போனது. இன்றுவரை திரும்பவில்லை.

பாதம் உள்பக்கம் அதிகமாகச் சாய்ந்தால் கீழ்க்கால் எலும்பும் கூடவே திரும்பும், முட்டி அதைத் தாங்க வேண்டிவரும். ஸ்டெபிலிட்டி ஷூவில் சோலின் உள்பக்கம் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அதனால் அந்தச் சாய்வு குறையும், அவ்வளவுதான் விஷயம். உறுத்தல் நாலு நாளில் பழகிவிடும்.

கால்நடை:
பழகிவிடும் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ஷூ முதல் நாள் உறுத்தினால் அது உங்கள் ஷூ இல்லை, வேறொருவருடையது.

ப்ரொனேஷன் என்பது நோயில்லை. கால் தரையில் பதியும்போது எல்லோருக்கும் பாதம் உள்பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அதிர்ச்சியைப் பாதம் வாங்கிக்கொள்ளும் விதமே அதுதான். அது 'ஓவர்' ஆவது எந்தக் கோணத்தில் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு எதுவும் கிடையாது.

டென்மார்க்கில் ஓட்டத்துக்குப் புதியவர்கள் 927 பேருக்கு ஒரே மாதிரி சாதாரண ஷூவைக் கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. பாதம் சாய்கிறவர்களுக்கு அதிகக் காயம் வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை காயம் என்று கணக்குப் பார்த்தால் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது! அமெரிக்க ராணுவத்திலும் பயிற்சிக்கு வந்தவர்களின் பாத வடிவத்தைப் பார்த்து, வளைவு குறைந்தவருக்கு ஒரு வகை, நடுத்தரத்துக்கு ஒரு வகை, உயர்ந்த வளைவுக்கு ஒரு வகை என்று பிரித்துக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குப் பாதத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை. காயக் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

உங்கள் முட்டி வலி போனது சந்தோஷம்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஷூவை மட்டும்தான் மாற்றினீர்களா? ஓடும் தூரத்தைக் குறைக்கவே இல்லையா?

மெல்லோட்டம்:
ஒரு சின்னத் திருத்தம். தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி.

பழையலேஸ்:
மன்னிக்கணும்மா.

கால்நடை, தூரத்தைக் குறைத்தேன்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குச் சாதகமான ஆய்வுகளை மட்டும் எடுத்துப் போடுகிறீர்களே. 2016-இல் லக்ஸம்பர்க்கில் செய்ததைச் சொல்லவே இல்லை. 372 பேர், ஆறு மாதம். பார்வைக்கு ஒரே மாதிரி ஷூ, பாதிப் பேருடையதில் மட்டும் பாதச் சாய்வைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. அந்த அமைப்பு இருந்த குழுவில் காயம் குறைவு. அந்தப் பலன் பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பெண்ணிடம் கடையில் சொன்னதும் அதைத்தானே?

இன்னொன்று. கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் எது சுகமாக இருக்கும்? பஞ்சு மாதிரி இருப்பதுதான். மெத்தைக் கடையில் உட்கார்ந்து பார்க்கிற கதை. ஒரு மணி நேரம் ஓடினால்தான் உண்மை தெரியும்.

வெறுங்கால்:
சண்டை போடுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து சிரிக்கிறேன். அந்தப் பெண்ணின் காலுக்கு எந்தச் சோலும் தேவையில்லை.

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி, அன்றைக்கு அதுவே உலகின் சிறந்த நேரம். 2010-இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு நேச்சர் இதழில் எழுதியதையும் படியுங்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வருகிற அந்தத் திடீர் அடி அவர்களுக்கு வருவதில்லை. குதிகாலுக்குக் கீழே பாலம் கட்டியதே ஷூக்காரர்கள்தான். அப்புறம் அந்தப் பாலத்துக்கு இடப்பக்கம் முட்டுக் கொடுக்கவா வலப்பக்கம் கொடுக்கவா என்று இங்கே விவாதம்.

அதிகாலை:
வெறுங்கால் அண்ணா, உங்களை மாதிரி ஒருவர் பேச்சைக் கேட்டுத்தான் மூன்று வருடத்துக்கு முன்பு தாள் மாதிரி சோல் உள்ள ஷூ வாங்கினேன். முதல் வாரம் பறப்பது போல இருந்தது. இரண்டாவது வாரம் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அதுவும் பழக்கம்தான் என்றார்கள். ஆறாவது வாரம் பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்தாலே உயிர் போகிற வலி. பாத எலும்பில் மயிரிழை விரிசல். இரண்டு மாதம் ஓட்டமே இல்லை.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் தனி ஆள் இல்லை என்று. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் 19 பேரைப் பத்து வாரத்தில் அப்படிப்பட்ட ஷூவுக்கு மாற்றிவிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். 10 பேருக்குப் பாத எலும்பின் உள்ளே வீக்கம் கூடியிருந்தது. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான்.

பிகிலா கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் அதே மனிதர் ஷூ போட்டு ஓடினார். 2:12:11. மறுபடி தங்கம், முன்பைவிட மூன்று நிமிடம் வேகம்.

கால்நடை:
ரோமில் அவர் வெறுங்காலில் ஓடியதற்குச் சொல்லப்படும் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த ஷூ காலைக் கடித்ததாம். கடிக்கிற ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். பழகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை போல.

வெறுங்கால்:
அதிகாலை, உங்களுக்கு நடந்ததற்கு வருத்தம்தான். ஆனால் ஆறு வாரத்தில் மாறச் சொன்னவரைத்தான் திட்ட வேண்டும். நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். முதல் மாதம் வீட்டுக்குள் நடந்ததோடு சரி.

அதிகாலை:
ஐந்து கிலோமீட்டர் ஓட ஒரு ஷூ கேட்கிறவரிடம் ஒரு வருடத் தவம் இருக்கச் சொல்கிறீர்கள். அதோடு, வெறுங்காலில் ஓடுகிற எல்லோரும் முன்பாதத்தில் இறங்குவதும் இல்லை. வடகென்யாவில் வெறுங்காலிலேயே வளரும் தாசனாச் மக்களைக் கவனித்தபோது, வசதியான வேகத்தில் ஓடும்போது பெரும்பாலும் குதிகாலில்தான் இறங்கினார்கள். அதுவும் 2013-இல் வந்ததுதான்.

வெறுங்கால்:
அதைப் படித்திருக்கிறேன். வேகம் கூடியதும் அவர்களிலும் பலர் குதிகாலை விட்டார்கள். சரி, இந்தப் பெண்ணுக்கு இது தேவையில்லாத வாதம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எது வாங்கினாலும் விரல் விரிய இடம் இருக்கிற ஷூவாக வாங்குங்கள். முன்பக்கம் கூம்பிய ஷூவில் பாதத்தைத் திணித்துவிட்டு ப்ரொனேஷன் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

கால்நடை:
ஆச்சரியம், வெறுங்காலோடு நான் ஒத்துப்போகிறேன்.

மெத்தைக் கடை என்று பழையலேஸ் சொன்னாரே, அதற்கு வருகிறேன். கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் பல பத்தாண்டு ஷூவை ஆராய்ந்தவர். அவரும் கூட்டாளிகளும் 2015-இல் எழுதியதன் சாரம் இது: ஒவ்வொரு உடலுக்கும் தனக்குப் பிடித்த அசைவுப் பாதை ஒன்று உண்டு, ஷூ அதை மாற்றப் பார்த்தால் தசைகள் கூடுதலாக உழைக்கும், சுகமாகத் தெரிகிற ஷூவைத் தேர்ந்தெடுக்கும்போது உடலே வடிகட்டித் தருகிறது. இது நிரூபிக்கப்பட்ட சட்டமில்லை, அவர்களே ஒரு கருத்தாகத்தான் வைத்தார்கள். ஆனால் இங்கே 'சுகம்' என்பது மெத்தென்று இருப்பது இல்லை. உட்கார்ந்துகொண்டு அமுக்கிப் பார்த்தால் மெத்து தெரியும், ஓடினால்தான் சுகம் தெரியும்.

மெல்லோட்டம், தலைப்பைப் பார்த்ததும் காலை நேரத்தில் ஷூ வாங்கலாமா என்று கேட்கிறீர்களோ என்று நினைத்தேன். மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள், பலருக்கு ஒரு பாதம் சற்றுப் பெரிது. அந்தப் பெரிய பாதத்துக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், சிலருக்கு நீளமான விரல் பெருவிரல் அல்ல, இரண்டாவது விரல். சாதாரணமாகப் போடும் ஷூவைவிட அரை அளவு பெரிதாக வந்தால் பயப்படாதீர்கள். இடம் இல்லாமல் ஓடினால் நகம் கறுத்துப்போகும், அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. குதிகால் மட்டும் மேலும் கீழும் வழுக்கினால் ஷூவை ஒதுக்குவதற்கு முன் கடைசி ஓட்டையில் லேஸை வளையமாக விட்டு இறுக்கிப் பாருங்கள். பிறகு கடைக்குள்ளேயே இரண்டு மூன்று நிமிடம் உங்கள் வேகத்தில் ஓடுங்கள். ஷூவைப் பற்றி யோசிக்க வைத்தால் அந்த ஷூ வேண்டாம்.

இரண்டுமணிக்குள்:
சோலுக்குள் கார்பன் பிளேட், அதாவது கார்பன் தகடு, வைத்த ஷூ பற்றி ஒருத்தரும் பேசவில்லையே! கென்யாவின் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடியதே அப்படிப்பட்ட ஷூவில்தானே. நேராக அதையே வாங்கிவிட்டால் என்ன?

அதிகாலை:
அவர் 2019-இல் வியன்னாவில் ஓடிய வேகம் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அந்த ரக ஷூ வேகமாக ஓடுகிறவர்களுக்குச் சராசரியாக நான்கு சதவீதம் சக்தி மிச்சம் பிடித்தது என்று பரிசோதனையில் காட்டினார்கள், அது உண்மை. பந்தயத்தில் எல்லை மீறாமல் இருக்க 2020-இல் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்ட ஷூவின் சோல் தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் உச்சவரம்பும் ஒரே பிளேட் என்ற விதியும் கொண்டுவந்தது. நாம் மெதுவாகத் திரும்பும்போதே அந்த உயரத்தில் கணுக்கால் ஆடும். மூன்று மாத ஓட்டத்துக்கு அது எதற்கு?

இரண்டுமணிக்குள்:
பார்க்க நன்றாக இருக்கும்.

அதிகாலை:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பழையலேஸ்:
நான் இன்னும் தோற்கவில்லை. 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 12 பரிசோதனைகளை, பதினோராயிரத்துக்கும் அதிகமான ஆட்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பாத வகை பார்த்து ஷூ கொடுப்பதால் அநேகமாக வித்தியாசமில்லை என்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு அடிப்படை பெரும்பாலும் ராணுவப் பயிற்சிக்கு வந்தவர்கள். மற்ற ஷூ வகைகள் பற்றியும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னது. அப்படியானால் உங்கள் சுகக் கொள்கைக்கும் சான்று இல்லை, கால்நடை.

கால்நடை:
இல்லைதான். இரண்டுக்கும் உறுதி இல்லாதபோது உறுத்துகிற ஷூவை எதற்கு வாங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பழையலேஸ்:
சரி, உறுத்துவது வேண்டாம். உறுத்தாத ஸ்டெபிலிட்டி ஷூக்களும் இருக்கின்றன. இப்போது வருபவை முன்பு போலக் கட்டை வைத்தது மாதிரி இருப்பதில்லை. அவற்றையும் போட்டுப் பார்க்கட்டும் என்கிறேன்.

கால்நடை:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன்.

அதிகாலை:
முடிந்தால் வேறு வேறு மாதிரியில் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். 264 பேரை 22 வாரம் கவனித்து 2015-இல் வந்த லக்ஸம்பர்க் ஆய்வில் அப்படி ஓடியவர்களுக்குக் காய அபாயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் பாரம் மாறுவதால் இருக்கலாம் என்கிறார்கள்.

வெறுங்கால்:
ஷூ விற்கிறவர்களுக்கு இதைவிட இனிப்பான ஆய்வு கிடைக்காது. ஒன்றுக்கு இரண்டு!

அதிகாலை:
நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு ஜோடி வைத்திருப்பவர் ஏற்கெனவே கவனமாக ஓடுகிறவராக இருக்கலாம், அதுவும் காரணமாகலாம். ஆனால் இரண்டு ஜோடி இருந்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் தேயும், காசு ஒரேயடியாக வீணாகாது.

மெல்லோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வேறு கடைக்குப் போனேன், சாக்ஸோடு. அளந்தால் என் வலது பாதம் இடதைவிடப் பெரிது. இத்தனை நாள் தெரியாது! முன்பு கடையில் கொடுத்த இரண்டு ஷூவும் அரை அளவு சின்னவை. கூழாங்கல் உறுத்தலுக்குப் பாதி காரணம் அதுதான் போல. ஷூவின் வளைவு என் பாத வளைவுக்குச் சரியாக வராமல் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பழையலேஸ் அண்ணன் சொன்னதற்காக அதே ஸ்டெபிலிட்டி ஷூவைச் சரியான அளவில் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். உறுத்தல் குறைந்தது, போகவில்லை. மொத்தம் ஆறு ஜோடி. கடைசியில் எடுத்தது சாதாரண ஷூ, முன்பக்கம் அகலமானது. குதிகால் வழுக்கியது, லேஸ் வளையம் போட்டதும் நின்றுவிட்டது. இன்று காலை நான்கு கிலோமீட்டர் ஓடினேன். ஷூ ஞாபகமே வரவில்லை.

இதை எப்போது மாற்ற வேண்டும்?

பழையலேஸ்:
பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை என்பார்கள். எண்ணைவிட சோலைப் பாருங்கள், ஒருபக்கமாகச் சரிந்திருந்தாலோ, அழுத்தினால் எழாமல் செத்துப்போயிருந்தாலோ மாற்றுங்கள்.

நான்கு கிலோமீட்டர் கணக்கில் வராது தங்கச்சி. முந்நூறு ஓடிவிட்டு வந்து முட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

கால்நடை:
நானும்.