மோரிஸ் மைனர் கார்: புது பாட்டரி போட்டும் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுத்துது. உதவுங்க

சிப்புட் பையன்:
வணக்கம். சுங்கை சிப்புட்ல இருக்கேன். தாத்தா தோட்டத்துல கிராணியா (கிளார்க்கா) இருந்தப்ப வாங்கின மோரிஸ் மைனர் 1000, 1960 மாடல், 948 சிசி. சாவியில ஸ்டார்ட் ஆகாது, டேஷ்போர்டு குமிழை இழுக்கணும். இப்ப இழுத்தா "ங்ர்ர்... ங்ர்ர்..."னு கிழவன் மாடி ஏறுற மாதிரி சுத்துது. சில நேரம் பிடிச்சுக்கும், சில நேரம் பாதியிலயே நின்னுடும். பாட்டரி புதுசு. கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை. பட்டறையில கேட்டா ஸ்டார்ட்டரே போயிருச்சு, மாத்துங்கிறாங்க. பழைய லூகாஸ் ஸ்டார்ட்டர், அதை விட மனசில்லை. இன்னொண்ணு, டேஷ்போர்டுல இருந்து கார்ப்பரேட்டருக்குப் போற சோக் கேபிளும் இறுகிப்போச்சு. அது வேற விஷயம்னு நினைக்கிறேன்.

ஈப்போ மைனர்:
புது பாட்டரின்னு நம்பாதே தம்பி. கடையில எத்தனை மாசம் கிடந்ததோ. ராத்திரி வண்டியை விட்டுட்டு காலையில மீட்டர் வச்சுப் பாரு. 12.6 வோல்ட் இருந்தா நிறைஞ்சிருக்கு. 12.2 கிட்ட வந்தா பாதி காலி. உன் வண்டியில பாட்டரியை சார்ஜ் பண்றது பழைய டைனமோ. ஐட்லிங்ல சும்மா நிக்கிறப்ப அது சார்ஜே பண்ணாது. பசாருக்கும் ஒட்டுக்கடைக்கும் மட்டும் ஓட்டினா பாட்டரி என்னைக்கும் நிறையாது.

பழைய போமன்:
பாட்டரி, ஸ்டார்ட்டர் ரெண்டையும் விடு. முதல்ல எஞ்சின் இறுக்கமா இருக்கான்னு பார்க்கணும். சுவிட்சை ஆஃப் பண்ணு, கியரை நியூட்ரல்ல வை, பிளக்கைக் கழட்டு, முன்னாடி கைப்பிடியை மாட்டிச் சுத்து. கட்டைவிரலையும் மத்த விரல் பக்கமே வச்சுக்கோ, சுத்திப் பிடிக்காதே. எஞ்சின் திருப்பி உதைச்சா மணிக்கட்டு போயிடும். சுலபமா சுத்தினா எஞ்சின் மேல குத்தமில்லை.

அடுத்தது டைமிங், அதாவது பிளக் பொறி விடுற நேரம். அதை அளவுக்கு மேல அட்வான்ஸ் (முன்கூட்டி) வச்சிருந்தா, முக்கியமா சூட்டுல, பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே தீப்பிடிச்சு எஞ்சின் எதிர்த்துத் தள்ளும். பிளக்குக்குப் பொறி தர்ற காயிலுக்குப் போற சின்ன வயரைக் கழட்டிட்டு ஸ்டார்ட்டரை இழுத்துப் பாரு. அப்ப வேகமா சுத்தினா டைமிங்தான்.

செம்பனை ஓட்டுநர்:
இவ்ளோ தலைவலி எதுக்கு லா? பாட்டரி நெகட்டிவை பாடியில மாட்டி நெகட்டிவ் எர்த்துக்கு மாத்திட்டு, புது மாதிரி கியர் ரிடக்ஷன் ஸ்டார்ட்டர் போடு, முடிஞ்சுது கதை.

பழைய போமன்:
எர்த்தை மாத்தினா ஸ்டார்ட்டர் வேகம் கூடாது. அது சீரீஸ் மோட்டார், உள்ளே ரெண்டு சுருளும் ஒரே வரிசையில இருக்கும். பாட்டரியைத் தலைகீழா மாட்டினாலும் அதே பக்கம்தான் சுத்தும், அதே வேகத்துலதான் சுத்தும். மின்சாரம் போற பாதையில அடைப்பு இருந்தா, புது ஸ்டார்ட்டரும் கொஞ்ச நாள்ல இதே பாட்டைத்தான் பாடும்.

சிப்புட் பையன்:
எல்லாம் பார்த்துட்டேன். காலையில 12.7. கைப்பிடி சுலபமா சுத்துது. காயில் வயரைக் கழட்டியும் வேகம் மாறல. ஸ்டார்ட்டர் இழுக்கிறப்ப பாட்டரியில 10.9 நிக்குது.

பழைய போமன்:
10.9ன்னா பாட்டரி நல்லா இருக்கு. அது 9.6க்குக் கீழ இறங்கினாத்தான் சந்தேகப்படணும். ஆனா ஸ்டார்ட்டர் நல்லா சுத்துறப்பவும் பாட்டரி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உன் வண்டியில அந்த 10.9 ஸ்டார்ட்டர் வரைக்கும் போய்ச் சேரல, வழியில எங்கேயோ தின்னுடுது. எங்கேன்னு மீட்டரே சொல்லும்.

உன் வண்டி பாசிட்டிவ் எர்த், பாட்டரி பாசிட்டிவ்தான் பாடியில இருக்கு, அதனால கவனமா மாட்டு. மீட்டரோட சிவப்பு முனையை பாட்டரி பாசிட்டிவ் ஈயக் கம்பத்துல வை. கிளாம்ப்ல வைக்காதே, கிளாம்ப் அழுக்கா இருந்தா அதுவும் கணக்குல வரணும். கறுப்பு முனை எஞ்சின் பிளாக்ல, பெயிண்ட் இல்லாத இடமாப் பார்த்து. யாரையாவது குமிழை இழுக்கச் சொல்லு. அந்த வழியில தொலையற வோல்ட்டைத்தான் மீட்டர் காட்டும், 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. அப்புறம் பாட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் டெர்மினலுக்கும் நடுவுல இதே மாதிரி பாரு. அங்க அரை வோல்ட்டுக்கு உள்ள இருந்தா போதும்.

இன்னொண்ணு. சோக் கேபிள் வேற விஷயம்னு சொன்னியே, அதைத் தொட்டுப் பார்த்தியா? ஸ்டார்ட்டரை இழுத்த உடனே தொடு. மெதுவாத் தொடு.

சிப்புட் பையன்:
அண்ணே! நெகட்டிவ் பக்கம் 0.3. எர்த் பக்கம் 3.4!! சோக் கேபிள் கொதிக்குது, கையை வைக்க முடியல.

பழைய போமன்:
நினைச்சேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்ல உட்கார்ந்திருக்கு. பாட்டரியோட எர்த் பாடியில இருக்கு. பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல பின்னின செம்புப் பட்டை ஒண்ணு கீழே இருக்கணும். கிளட்ச் மாத்த கியர்பாக்ஸை இறக்கினவங்க அதைத் திரும்ப மாட்டல, இல்லேன்னா பெயிண்ட் மேல வச்சு முறுக்கிட்டாங்க. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய கரண்ட் வேற வழி தேடி சோக் கேபிள் வழியாப் போகுது. அந்தச் சூட்டுலதான் உள்கம்பி வெந்து இறுகிடுச்சு.

ஜம்பர் கேபிள் இருந்தா ஒரு முனையை எஞ்சின் பிளாக்லயும், மறுமுனையை பாட்டரி பாசிட்டிவ் கம்பத்துலயும் மாட்டி இழு. நெகட்டிவ்ல மாட்டிடாதே, ஷார்ட் ஆகி பாட்டரி வெடிக்கலாம்.

சிப்புட் பையன்:
ஜம்பர் மாட்டினதும் சும்மா "விர்ர்"னு சுத்தி உடனே பிடிச்சுக்கிச்சு. அடியில போய்ப் பார்த்தேன், பட்டையே இல்லை, போல்ட் ஓட்டை மட்டும் இருக்கு. லோரி வயரிங் கடையில பட்டை கிடைக்குமா?

ஈப்போ மைனர்:
கிடைக்கும். பின்னின செம்பா, தடிமனாப் பார்த்து வாங்கு. தடிமன் வெறும் ரப்பர் உறையில இருக்கிற வயர் வாங்காதே, உள்ளே கம்பி ஒல்லியா இருக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் இரும்பு பளபளக்கத் தேய்ச்சிடு, மாட்டினதும் மேல வாசலின் தடவிடு. நம்ம ஊர் மழைக்கு அது வேணும்.

பழைய போமன்:
பட்டையை மாட்டி, மீட்டர்ல 0.3க்குக் கீழ வந்த பிறகு சோக் கேபிளை மாத்து. பழசை அளவுக்கு எடுத்துட்டுப் போ. ஆக்ஸிலேட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிளும் கருகியிருக்கான்னு பாரு, கரண்ட் அந்த வழியாவும் போயிருக்கும்.