குலோத்துங்கனின் தாய் அம்மங்கைதேவி: வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

சாக்பீஸ் (கேள்வி)

வணக்கம். ஏழாம் வகுப்புக்குச் சோழர் வரலாறு எடுக்கிறேன். நேற்று கரும்பலகையில் வம்சாவளி போட்டேன். இடப்பக்கம் சோழர்: முதலாம் இராஜராஜன், இராஜேந்திரன், அடுத்தடுத்து ஆண்ட அவன் மக்கள் மூவர். வலப்பக்கம் தெலுங்கு நாட்டை ஆண்ட வேங்கிச் சாளுக்கியர்: விமலாதித்தன், அவன் மகன் இராஜராஜ நரேந்திரன். 1070-இல் சோழ அரியணை ஏறிய குலோத்துங்கனை நடுவில் எழுதி, இரு பக்கத்திலிருந்தும் கோடு இழுத்தேன்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, இடப்பக்கத்திலிருந்து வருகிற அந்தக் கோடு யார்?"

இராஜேந்திரனின் மகள் அம்மங்கைதேவி என்று சொல்லி, பெயரையும் எழுதினேன். "அவர் என்ன செய்தார்?" என்றாள். அரசியல் உறவுக்காக வேங்கிக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார் என்றேன். மணி அடித்துவிட்டது. அவள் உட்காராமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது பதிலே இல்லை என்று அப்போதே தெரிந்தது. அந்த அரசியைப் பற்றி அவளுக்கு உருப்படியாக என்ன சொல்லலாம்?

பழங்கல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முப்பது வருடங்களாகக் கல்வெட்டு வாசிக்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

முதலில் அம்மங்கையின் அத்தையிடமிருந்து தொடங்குங்கள். 973-இல் வேங்கி மன்னன் தானார்ணவனை ஜடாசோட பீமன் கொன்று நாட்டைப் பிடித்தான். தானார்ணவனின் பிள்ளைகள் சக்திவர்மனும் விமலாதித்தனும் பின்னர் இராஜராஜனிடம் அடைக்கலம் புகுந்தார்கள். இராஜராஜன் படையெடுத்து மூத்தவனை வேங்கியில் அமர்த்தினான். இளையவனுக்குத் தன் மகள் குந்தவையைக் கொடுத்தான். (வந்தியத்தேவனை மணந்த குந்தவை வேறு, அவர் இராஜராஜனின் தமக்கை. தம் தமக்கையின் பெயரையே மகளுக்கு வைத்திருக்கிறான்.) இந்த மருமகன் விமலாதித்தன் திருவையாற்றுக் கோயிலுக்கு எட்டு வெள்ளிக் கலசங்கள் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டுச் சாமிக்கு மாப்பிள்ளை செய்த காணிக்கை அது.

குந்தவையின் மகன் இராஜராஜ நரேந்திரன். அவனுக்கு வாழ்க்கைப்பட்டவர்தான் அம்மங்கை. அதாவது, அத்தை மகனைக் கட்டிக்கொண்டார். மாமியார் சொந்த அத்தை. "அரசியல் உறவுக்காகக் கொடுக்கப்பட்டார்" என்றதும் முன்பின் தெரியாத தேசத்துக்கு ஒரு பெண்ணைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பிய காட்சிதான் மனத்தில் வருகிறது. இங்கே அப்படியில்லை. அந்த அரண்மனையில் அவருக்கு முன்பே தஞ்சையிலிருந்து வந்த ஒருவர் பட்டத்தரசியாக இருந்திருக்கிறார்.

இனிப் பெயர்களைப் பாருங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். குந்தவை தம் மகனுக்கு வைத்தது தம் தந்தை பெயர், இராஜராஜன். அம்மங்கையின் மகனுக்கு இட்டது அவர் தந்தை பெயர், இராஜேந்திரன். குலோத்துங்கன் என்ற பெயர் பின்னால் வந்தது. விஷ்ணுவர்த்தனன், விஜயாதித்தன் என்று வழிவழியாகப் பெயரும் பட்டமும் சூடிய வீட்டில், இரண்டு தலைமுறை மூத்த பிள்ளைகள் தாய்வழிப் பாட்டன் பெயரோடு வளர்ந்தார்கள். அந்த அரசிகளின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கோதாவரிக்கரை

வேலை நிமித்தமாக இராஜமகேந்திரவரத்தில் இருக்கும் தமிழன் நான். இங்கே இராஜராஜ நரேந்திரனைத் தெரியாதவர் இல்லை. மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடும்படி நன்னயரைக் கேட்டுக்கொண்ட மன்னன். பாண்டவர் கதை தன் முன்னோர் கதை என்பது அவன் எண்ணம். சந்திர குலம் அல்லவா! ஆனால் அவன் தாயும் மனைவியும் காவிரிக்கரைப் பெண்கள் என்று சொன்னால் என் அலுவலக நண்பர்களே வியந்துபோகிறார்கள். தெலுங்கின் முதல் காவியம் உருவான அரண்மனையில் அரசி சூரிய குலத்துச் சோழப் பெண்.

பழங்கல் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்த வாழ்க்கை சுகமானதாக இல்லை. விமலாதித்தனுக்கு வேறொரு மனைவியின் மகன் விஜயாதித்தன். சோழரின் பகைவரான மேற்குத் தக்காணத்துக் கல்யாணிச் சாளுக்கியர் அவன் பக்கம். தந்தையின் ஆட்சி 1018-இல் முடிந்தும் நரேந்திரன் முடிசூடியது 1022-இல்தான். பிறகும் நிம்மதி இல்லை. அரியணையை இழப்பதும் மீட்பதுமாகவே காலம் போனது. கலிதிண்டி செப்பேட்டைப் பாருங்கள். மருமகனுக்குத் துணையாக இராஜேந்திரன் அனுப்பிய படையின் தளபதிகள் மூவர் போரில் மாண்டார்கள். நரேந்திரன் அவர்கள் நினைவாக மூன்று சிவன் கோயில்களை எடுத்தான். பிறந்த வீட்டுச் சீராக அம்மங்கைக்கு வந்து சேர்ந்தது படை. அதில் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அந்தக் கோயில்களைக் காணும்போதெல்லாம் அரசியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1061-இல் நரேந்திரன் இறந்ததும் நாடு மகனுக்குக் கிடைக்கவில்லை, விஜயாதித்தனுக்குத்தான் போனது.

வாசகி

இருவருக்கும் நன்றி. ஆனாலும் பெயர்களைப் பார்த்து இவ்வளவு மகிழ எனக்கு மனம் வரவில்லை. மகளைக் கொடுத்து வேங்கியைத் தன் பக்கம் வைத்துக்கொள்வது சோழர் கொள்கை. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பதும் அந்தக் கொள்கையில் சேர்ந்ததாக இருக்கலாம். அம்மங்கை விரும்பி வைத்த பெயர் என்று எப்படிச் சொல்வது?

பழங்கல்

நியாயமான கேள்வி அம்மா. பேரனைச் சோழர் தம் பிள்ளையாகவே பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், கங்கைகொண்ட சோழனான இராஜேந்திரனின் தேவி குழந்தையைக் கண்டு, இவன் எமக்கு மகனாகிச் சூரிய குலத்தை வளர்க்கத் தக்கவன் என்று பூரிக்கிறாள். அவன் பின்னாளில் மணந்ததும் தாய்மாமன் இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைத்தான். மூன்றாவது தலைமுறையிலும் அதே உறவு.

ஆனால் கொள்கை தேவையில்லாத இடத்திலும் அந்தப் பெயர்கள் ஓடுகின்றன. அம்மங்கைக்கு ஒரு மகளும் உண்டு. அவர் பெயரும் குந்தவைதான். அத்தையும் மாமியாருமானவரின் பெயர். சிதம்பரம் கல்வெட்டில் அவர் "குலோத்துங்க சோழ தேவர் திருத்தங்கையார் ராஜராஜன் குந்தவை ஆழ்வார்". இங்கே இராஜராஜன் என்பது பெரிய கோயில் கட்டியவன் அல்ல, வேங்கி நரேந்திரன். பலர் தடுக்கி விழும் இடம் இது. குலோத்துங்கனின் 44-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1114-இல், பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ரோகிணி நாளில் அவர் தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தார். நடராசருக்குத் தண்ணீரமுது படைக்க 50 கழஞ்சுப் பொன்னில் ஒரு மண்டை கொடுத்தார். மண்டை என்றால் வாய் அகன்ற கலம்.

வேங்கி மன்னனின் மகள் தில்லையில் நின்று பொன் கலம் கொடுக்கிறார். அவரை யார் அப்படி வளர்த்தது? எந்த ஊர்ச் சாமியின் பெயரைச் சொல்லித் தூங்கவைத்தது? நான் அம்மங்கையைத்தான் நினைப்பேன்.

சாக்பீஸ்

இன்று பலகையில் நான்கு பெயர்களைச் சிவப்புச் சாக்பீஸால் எழுதினேன்: குந்தவை, அம்மங்கை, மதுராந்தகி, மறுபடி ஒரு குந்தவை. பொன் மண்டையைப் பற்றியும் சொன்னேன். அதே சிறுமி, 50 கழஞ்சு என்றால் கையில் எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டாள். கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம், அப்படியானால் கால் கிலோ என்று கணக்குப் போட்டோம். அவள் தன் தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு மட்டும் நீரை வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். பாட்டில் வகுப்பு முழுவதும் கைமாறிப் போனது.