சரிஞ்சு படுக்கிற ஆக்கள் மெத்தையை வெட்டித் திருத்தலாமோ?

பரந்தன் பெடியன்:
வலத் தோளுக்குள்ள செல் (எறிகணை) துண்டு கிடக்குது, அந்தப் பக்கம் படுக்க ஏலாது. எப்பவும் இடப்பக்கம் சரிஞ்சுதான் நித்திரை. பலகைக் கட்டில், மேல 4 அங்குலத் தும்பு மெத்தை. விடிய எழும்பேக்க இடத் தோளும் கையும் விறைச்சுப்போய் இருக்கும். புது மெத்தை வாங்கிற நிலைமை இல்லை. தோள் வாற இடத்தில ஒரு அடி அகலத்துக்குத் தும்பை வெட்டி எடுத்துப்போட்டு, மெதுவான போம் வைச்சுத் தைக்கலாம் எண்டு யோசிக்கிறன். செய்து பார்த்த ஆக்கள் இருக்கிறியளோ?

முத்தையன்கட்டு ஐயா:
தம்பி, மெத்தையைத் தூக்கி வெளியில போடும். பாயை விரிச்சு நிலத்தில படும். 2009 இல மெனிக் பாம் அகதி முகாமில தறப்பாளுக்குக் கீழ வெறும் நிலத்தில கிடந்தம், ஒருத்தருக்கும் தோள் விறைக்கேல்லை. போம், ஸ்பிரிங் எல்லாம் கடைக்காரன்ர யாவாரம்.

முள்ளியவளை தையல் அக்கா:
ஐயா, வேற வழியில்லாமல் படுத்ததை வைத்தியம் ஆக்காதேங்கோ. விறைச்சதைப் பற்றிக் கதைக்க அப்ப ஆருக்கு நேரம் இருந்தது? நிமிர்ந்து படுக்கிற ஆளுக்குப் பாய் ஒத்துவரலாம். சரிஞ்சு படுத்தால் பாரம் முழுக்கத் தோள் முட்டிலயும் இடுப்பெலும்பிலயும்தான் நிக்கும். ரெண்டும் கொஞ்சம் புதைஞ்சால்தான் முள்ளந்தண்டு நேராக் கிடக்கும். சீமெந்துக்குள்ள எது புதையும்?

தம்பி, தும்பை வெட்டாதேங்கோ. அது தும்புக்கு றப்பர் பால் அடிச்சு அழுத்தின பொருள். வெட்டின விளிம்பு உதிரும், தையலும் பிடிக்காது. அதோட நித்திரையில ஆரும் அளவெடுத்த இடத்திலயே கிடக்கிறதில்லை. அரை அடி கீழ இறங்கினால் உங்கட பள்ளத்துக்குள்ள தலகணிதான் கிடக்கும். மெத்தைக்கு மேல 2 அங்குலம் மெதுவான போம் போட்டு, ரெண்டையும் சேர்த்துச் சிப் வைச்ச ஒரே உறை தையுங்கோ. போம் சப்பளிஞ்சால் மேல் தட்டை மட்டும் மாத்தலாம்.

வவுனியா பிசியோ:
அக்கா சொல்லுறது சரி, ஆனால் போமுக்குக் காசைக் கொட்ட முதல் தலகணியைப் பாருங்கோ. கன பேர் தோளையும் தூக்கித் தலகணியில வைக்கிறவை. தலையும் கழுத்தும் மட்டும்தான் அதில இருக்கவேணும், தோள் மெத்தையில. காதுக்கும் மெத்தைக்கும் இடையில உள்ள வெளியை நிரப்பிறதுதான் தலகணியின்ர வேலை. பதிவாய் இருந்தால் தலை கீழ சாய்ஞ்சு, அடியில கிடக்கிற தோளில பாரம் ஏறும்.

இண்டைக்கு இரவே செய்யலாம். துவாயளை மடிச்சு ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கித் தலையை வையுங்கோ. வீட்டில ஆரையும் முன்னுக்கு நிண்டு படம் எடுக்கச் சொல்லுங்கோ. மூக்கு, நாடி, நெஞ்சின்ர நடு மூண்டும் ஒரே கோட்டில மெத்தைக்குச் சமாந்தரமா வந்தால் அதுதான் உங்கட உயரம். தலை வைச்சு அமத்தின உயரத்தைத்தான் அளக்கவேணும்.

முள்ளியவளை தையல் அக்கா:
தங்கச்சி, உங்கட ஒழுங்கு தலைகீழ். தும்பில தோள் புதையாது, அதால தலகணி உயரமா வேணும். நாளைக்கு மேல போமைப் போட்டால் தோள் இறங்கும், அந்த உயரம் கூடிப்போகும். பிறகு கழுத்து மற்றப் பக்கம் வளையும். முதல்ல மெத்தை, பிறகு தலகணி.

வவுனியா பிசியோ:
காசிருக்கிற ஆளுக்கு அது சரி அக்கா. இவர் இல்லை எண்டல்லோ சொல்லுறார். துவாய் சும்மா கிடக்குது, போம் சும்மா வராது. தலகணியோடயே விறைப்புக் குறைஞ்சால் மிச்சம் தேவையில்லை.

முத்தையன்கட்டு ஐயா:
நாரி நோவுக்குக் கெட்டியான படுக்கைதான் எண்டு டொக்டர்மாரே சொல்லுறவை. நீங்கள் ரெண்டு பேரும் அவனைப் பஞ்சுக்குள்ள புதைக்கப் பாக்கிறியள்.

வவுனியா பிசியோ:
ஐயா, அது பழைய கதை. 2003 இல லான்செற் சஞ்சிகையில வந்த ஸ்பெயின் ஆய்வு, நாட்பட்ட நாரி நோ உள்ள 313 பேரில செய்தது. கெட்டியான மெத்தையை விட நடுத்தரக் கெட்டியில படுத்தவைக்குத்தான் நோ கூடக் குறைஞ்சது. அதுவும் நாரிக்கு. இவருக்கு நோகிறது தோள்.

மாங்குளம் வாத்தி:
மெமறி போம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, நல்லது. அது உடம்புச் சூட்டில இளகிற சாமான். சோளகம் வீசிற மாதங்களில எங்கட பக்கம் இரவிலயும் அனல், அதில முதுகு அவியும். சாதாரண போம் வாங்கினாலும் அடர்த்தியைக் கேளுங்கோ. கன மீற்றருக்கு எத்தனை கிலோ எண்டது போம் எத்தனை காலம் உழைக்கும் எண்டதைத்தான் காட்டும். மெதுமை வேற அளவு. கடையில ரெண்டையும் ஒண்டாக் குழப்புவினம்.

முள்ளியவளை தையல் அக்கா:
தலகணிக்கு இலவம்பஞ்சை விட்டு வேற ஒண்டும் வேண்டாம். நாலு பக்கமும் 4 அங்குலப் பட்டி வைச்சுத் தைச்சால் ஓரம் சப்பாமல் நிக்கும். ஒரு பக்கம் சிப் வையுங்கோ, பஞ்சைக் கூட்டிக் குறைச்சு உயரத்தைத் திருத்தலாம். கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறுக்கி அடையுங்கோ. மாரியில கட்டிபிடிக்கும், வெயில் கண்டவுடன காயப்போட்டால் திரும்பப் பொங்கும். லேற்றெக்ஸ் தலகணி வைச்சிருக்கிற ஆக்கள் அதை வெயிலில போடாதேங்கோ, றப்பர் பொரிஞ்சு தூளாப் போகும்.

வவுனியா பிசியோ:
இதில நான் அக்காவோட. ஆனால் தூசி ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்குப் பழைய பஞ்சு கூடாது. தம்பிக்கு இன்னும் ரெண்டு. முழங்காலில இருந்து கணுக்கால் வரை ஒரு நீட்டுத் தலகணி வையுங்கோ, இல்லாட்டி மேல் கால் முன்னுக்கு விழுந்து நாரியை முறுக்கும். நெஞ்சோட இன்னொண்டை அணைச்சு வலக் கையை அதில போடுங்கோ, செல் துண்டு உள்ள தோள் முன்னுக்கு இழுபடாது. இடக் கையைத் தலகணிக்குக் கீழ வைக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கோ, விறைக்கிறதுக்கு அது ஒண்டே காணும். இவ்வளவும் செய்தும் பகலிலயும் விறைச்சால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

மாங்குளம் வாத்தி:
முழங்கால் தலகணி கர்ப்பிணியளுக்கும் நல்லம். 28 கிழமைக்குப் பிறகு நிமிர்ந்து படுக்காமல் சரிஞ்சு படுக்கச் சொல்லுறவை. என்ர மனுசிக்குப் பழைய சீலையைச் சுருட்டித் தைச்சுக் குடுத்தனாங்கள்.

முத்தையன்கட்டு ஐயா:
தலைக்கு ஒண்டு, காலுக்கு ஒண்டு, நெஞ்சுக்கு ஒண்டு. மனுசன் படுக்கிறதுக்குக் கட்டிலில இடம் இருக்குமோ?

பரந்தன் பெடியன்:
துவாய் அடுக்கிப் படம் எடுத்தாச்சு. என்ர தலகணி நாலு விரல் பதிவு. அதைச் சரிக்கட்டிப் பாக்கிறன். விறைப்பு நிக்காட்டி மெத்தையை வெட்டத்தான் போறன் அக்கா.

முள்ளியவளை தையல் அக்கா:
வெட்டுங்கோ. தைக்க என்னட்டைக் கொண்டு வராதேங்கோ.