சிறுவயதில் ‘செந்தமிழ்’ பேசியது ஆட்டிசத்தின் அடையாளமா?

இரணியல்காரன்:
வணக்கம். எனக்கு வயது 43. குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் பிறந்து வளர்ந்தவன். என் நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு உறுதியானது. மதிப்பீட்டின்போது உளவியலாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் மனைவி அவனை நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, நானோ என் சிறுவயதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் ‘எனக்க’, ‘ஒனக்க’ என்று பேசுவார்கள். நான் மட்டும் ஐந்து வயதிலேயே ‘என்னுடைய’, ‘உன்னுடைய’ என்று செய்தி வாசிப்பவரைப் போலப் பேசியதால் தெருவில் என் பெயர் ‘ஆகாசவாணி’. இரணியல், பள்ளியாடி, குழித்துறை, பாறசாலை என்று ரயில் நிலையங்களின் பெயர்களைக் கேட்பார் இல்லாதபோதும் ஒப்பித்துக்கொண்டிருப்பேன். கொடைவிழாவில் வெடி வெடித்தால் நெல் வைக்கும் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். மரச்சீனிக் கிழங்கின்மேல் மீன்கறி பட்டுவிட்டால் இரண்டையும் தொடமாட்டேன் (நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை).

விடையைத் தெரிந்துகொண்ட பிறகு, அதற்குப் பொருந்தும் நினைவுகளை மட்டும் நான் பொறுக்கியெடுக்கிறேனோ என்று ஐயமாக இருக்கிறது. 74 வயதான அம்மாவிடம் கேட்கலாம். ஆனால் தன் வளர்ப்பில் குறை காண்கிறேன் என்று அவர் வருந்துவாரோ என அஞ்சுகிறேன்.

கடலோரத்துக்காரி:
அண்ணா, எனக்கு 38 வயதில்தான் தெரிந்தது. பள்ளியில் நான் ‘அடக்கமான பிள்ளை’ என்பதால் யாரும் கவனிக்கவில்லை. எப்போது சிரிப்பது, எவ்வளவு நேரம் முகத்தைப் பார்ப்பது என்பதையெல்லாம் பக்கத்து இருக்கைத் தோழியைப் பார்த்துப் படித்து, அவளைப் போலவே நடந்துகொண்டேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பேச்சே எழாமல் இருட்டறையில் சுருண்டு கிடப்பேன். அதைச் சோம்பல் என்றார்கள். திருமணமாகி, பதினோரு பேர் உள்ள வீட்டில் நாள் முழுவதும் அந்த நடிப்பைத் தொடர வேண்டியிருந்தபோதுதான் உடைந்துபோனேன். ஆகவே என்ன செய்தீர்கள் என்பதோடு, அதைச் செய்ய எவ்வளவு பாடுபட்டீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள் பார்த்தது என் அடக்கத்தை மட்டுமே.

தோவாளைவாசி:
ரயில் நிலையப் பெயர்களை அந்தக் காலத்தில் எல்லாப் பையன்களும்தான் ஒப்பித்தார்கள். வெடிக்கு அஞ்சாத குழந்தை ஊரில் உண்டா? எல்லாவற்றுக்கும் ஒரு நோய்ப்பெயர் தேடுவது இப்போதைய வழக்கமாகிவிட்டது.

சிறப்பாசிரியை, மார்த்தாண்டம்:
தோவாளைவாசி ஐயா சொல்வதில் பாதி சரி. வெடிக்கு அஞ்சுவது மட்டும், மனப்பாடம் மட்டும் என்று தனித்தனியே எடுத்தால் எதுவும் ஆட்டிசம் ஆகாது. பிறரோடு உறவாடுவதிலும் உரையாடுவதிலும் நீடித்த சிரமம், திரும்பத் திரும்பச் செய்தல் அல்லது மாற்றத்தைத் தாங்க இயலாமை போன்ற நடத்தைகள் ஆகிய இரண்டும் சேர்ந்து, சிறுவயதிலேயே தொடங்கி, அன்றாட வாழ்வைப் பாதித்திருக்க வேண்டும். சமூகப் பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு, கேள்திறன் குறைவு ஆகியவையும் மேலோட்டமாக இதைப் போலத் தோன்றக்கூடும். ஆனால் இது நோயன்று, ஐயா. மூளை வளர்ந்த விதத்தில் உள்ள வேறுபாடு. அரசாணைகளில் வரும் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்ற தொடர் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. என்னிடம் வரும் பிள்ளைகள் புற உலகை அளவுக்கு மீறிக் கேட்கிறார்கள், முகர்கிறார்கள்.

தம்பி, நீங்கள் பள்ளியில் சேர்ந்த காலத்தில், நன்றாகப் பேசி மதிப்பெண்ணும் வாங்கும் பிள்ளையை யாரும் இவ்வாறு பார்த்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944இல் எழுதியிருந்தும், அவர் பெயரால் அந்த நிலை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது 1994இல்தான். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதைத் தனியாக வைக்காமல் ஆட்டிசத்திலேயே சேர்த்துவிட்டது; ஒலி, மணம், தொடுதல் ஆகியவற்றில் உள்ள மிகையான கூருணர்வும் அடையாளங்களுள் ஒன்றானது அந்தப் பதிப்பில்தான். அன்று யாருக்கும் தெரியாத ஒன்றை உங்கள் அம்மா எப்படிக் கண்டிருக்க முடியும்? இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

“நான் வித்தியாசமாக இருந்தேனா?” என்று கேட்காதீர்கள், எந்தத் தாயும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். “எனக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பேன்? யாரோடு விளையாடுவேன்? திடீரென்று பயணம் நின்றுபோனால் என்ன செய்வேன்?” என்று நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். பழைய முன்னேற்ற அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் நினைவைவிட நம்பகமானவை. பிறகு பெரியவர்களை மதிப்பிட்ட அனுபவமுள்ள மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. எனினும் சான்றிதழ் தேவைதானா என்பதைப் பின்னர் முடிவுசெய்யலாம்.

இரணியல்காரன்:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஆசிரியை அக்கா சொன்னபடியே கேட்டேன். ரயில் நிலையங்களை மாமாதான் மிட்டாய் கொடுத்துப் படிப்பித்தாராம். ஆக என் வலுவான சான்று ஒன்று போயிற்று. ஆனால் நான் கேள்விப்பட்டிராத ஒன்றை அம்மா சொன்னார்: “நீ விரல நீட்டி எதையும் காட்டமாட்ட மக்களே. எனக்க மணிக்கட்டப் பிடிச்சு அலமாரி வர கொண்டுபோய், எனக்க கையத் தூக்கி டப்பா மேல வைப்ப.” என் மகனும் இன்று அதைத்தான் செய்கிறான், சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. வரும் புதன்கிழமை எனக்கான மதிப்பீட்டுக்குத் தானும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். பத்தாயத்தில் கிடந்த முன்னேற்ற அட்டைகளைத் துடைத்து எடுத்துவைத்தாயிற்று.