ஒருநாள் குற்றாலம்: கட்டுச்சோறா, கடைச்சோறா?

பாளை_பிச்சிப்பூ
ஆடி மாத ஞாயிறு ஒன்றில் தெருக்காரர்கள் சேர்ந்து குற்றாலம் போகிறோம். திருநெல்வேலியிலிருந்து ஒரு வேன். பெரியவர்கள் 12, சிறுசுகள் 6. விடியக் கிளம்பி அன்று இரவே வீடு திரும்ப வேண்டும். மற்ற எல்லாம் முடிவாகிவிட்டது, மத்தியானச் சாப்பாட்டில்தான் தெரு இரண்டு கட்சியாக நிற்கிறது. ஒரு கட்சிக்குக் கட்டுச்சோறு, இன்னொரு கட்சிக்கு செங்கோட்டைப் பக்கத்து பார்டர் கடைப் பரோட்டா. அளவு, நேரம், என்ன கெட்டுப்போகும் என்று விவரமாகச் சொல்லுங்கள். "அந்தக் காலத்துல நாங்க" என்று ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து வேறு இழை பாருங்கள்.

மேலரதவீதி
கட்டுச்சோறுதான். ருசிக்காகச் சொல்லவில்லை, நேரத்துக்காக. சீசன் ஞாயிறு ஒரு மணிக்குப் பேரருவிப் பக்கம் 18 பேர் சேர்ந்து உட்கார இடம் தேடிப் பாருங்கள். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் நின்று அவர் எப்போது கை கழுவுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அருவியில் நனைந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அரிசி பெரியவருக்கு 150 கிராம், சிறுசுக்கு அதில் பாதி. இரண்டேகால் கிலோ வருகிறது. குளித்த பசிக்குக் கால் கிலோ கூட்டி, ஒன்றரை கிலோ புளியோதரை, ஒரு கிலோ தயிர்ச்சோறு என்று பிரியுங்கள்.

புளிக்காய்ச்சலை சனிக்கிழமை இரவே முடித்துவிட வேண்டும். ஒன்றரை கிலோ அரிசிக்குப் பழைய புளி 200 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி, வற்றல் மிளகாய் முப்பது, உப்பு 50 கிராம், பெருங்காயம், மஞ்சள், கடைசியில் நெல்லிக்காய் அளவு வெல்லம். கரைசல் சுண்டிச் சுண்டி, நுரை அடங்கி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்க வேண்டும். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது. அதற்கு முன்னால் இறக்கினால் பச்சைப்புளி வாடை அடிக்கும், மிச்சமிருக்கும் ஈரம் சோற்றையும் சொதசொதவென்று ஆக்கிவிடும். வெந்தயம் ஒன்றரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்து இறக்கும்போது போடுங்கள். அது ஒரு சுற்று கருகினாலும் அத்தனையும் கசக்கும். கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் இரவே போட்டால் நமத்துப்போகும், காலையில் தனியாகத் தாளித்துக் கொட்டுங்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது சோறு ஆற்றுவதில்தான். தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அரை மணி நேரம் விசிறியடியில் வையுங்கள். சூட்டோடு தூக்குச்சட்டியில் போட்டு மூடினால் மூடியின் அடிப்பக்கம் ஆவி வேர்த்துச் சொட்டும். முதலில் ஊசுவது அந்த மேல் அடுக்குதான்.

பரோட்டா_பாண்டி
அண்ணாச்சி, எல்லாம் சரி. நடுங்கிக்கிட்டு வர்ற உடம்புக்கு ஆறிப்போன சோறா? அருவியை விட்டு வெளிய வந்ததும் வயிறு கேக்குறது சூடு.

கூட்டம்னு பயமுறுத்துறீங்க. ஒரு மணிக்குப் போனா கூட்டம் இருக்கத்தான் செய்யும். ஏன் ஒரு மணிக்குப் போகணும்? அஞ்சு மணிக்கு வேன் எடுங்க. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியா தென்காசி 55 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து குற்றாலம் அஞ்சு. ஆறரை, ஆறேமுக்காலுக்கு அருவியில நிக்கலாம். ஒன்பது வரைக்கும் குளி, இட்லி, பிறகு ஐந்தருவி. பதினொன்றரைக்கு செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர்ல உக்காந்துருக்கணும், ஏழெட்டு கிலோமீட்டர்தான். அந்நேரம் கல்லு சூடேறி முதல் சுத்து பரோட்டா வரும், நாட்டுக்கோழியும் தீர்ந்திருக்காது. பெரியவங்களுக்கு நாலு, சிறுசுகளுக்கு ரெண்டு, 60 பரோட்டா போதும். சால்னா பிள்ளைகளுக்குக் காரம், அவங்களுக்கு மட்டும் ஆம்லெட் சொல்லிருங்க.

மேலரதவீதி
18 பேரில் சைவம் எத்தனை என்று கேட்காமலே 60 பரோட்டாவா?

பாளை_பிச்சிப்பூ
ஐந்து பேர் சைவம்.

பரோட்டா_பாண்டி
தென்காசியில சைவ ஹோட்டல் இருக்கு, இறக்கி விட்டுட்டுப் போங்க.

மேலரதவீதி
ஐந்து பேரை நடுவழியில் இறக்கிவிடுவதற்கா தெரு சேர்ந்து கிளம்புகிறது?

குலவணிகர்புரம்_அக்கா
இவ்வளவு பேசினீர்கள், அடுப்பு மூட்டப்போவது யார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கிலோ அரிசிக்கு மேல் போட்டால் கஞ்சி பொங்கி விசிலை அடைக்கும். இரண்டரை கிலோ என்றால் மூன்று தடவை. அப்புறம் அரை மணி ஆற்ற வேண்டும், கிளற வேண்டும், கட்ட வேண்டும். பாண்டி தம்பி சொல்லும் ஐந்து மணி வேனுக்கு இரண்டரைக்கு எழுந்தால்தான் முடியும். அப்படி எழுந்தவள் அருவியில் பெண்கள் பக்க வரிசையில் காத்துக் குளித்துவிட்டு, மறுபடி வந்து கரண்டி பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் உல்லாசப் பயணமா?

அதற்காகக் கட்டுச்சோறே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு பிரியுங்கள். ஒரு வீடு புளிக்காய்ச்சல், ஒரு வீடு சோறு, ஒரு வீடு தயிர்ச்சோறு, ஒரு வீடு துவையலும் கூழ்வற்றலும். பரிமாறுவதும் பாத்திரமும் ஆண்கள் பொறுப்பு, பெயர் போட்டு எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் நடக்காது.

தயிர்ச்சோறு பற்றி ஒன்று. வீட்டில் பிசைவதுபோலத் தயிரில் பிசைந்தால் பதினோரு மணிக்கே பல் கூசும். ஒரு கிலோ அரிசியைக் குழைய வேகவைத்து, நன்றாக மசித்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டு லிட்டர், உறைக்குத் தயிர் மூன்று மேசைக்கரண்டி மட்டும். தயிர் விடும்போது சோறு விரல் பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். அதைவிடச் சூடாக இருந்தால் பால் திரியும், உறையும் செத்துவிடும். வேனில் போகப்போகத் தானாகத் தோயும், ஒரு மணிக்கு இனிப்பும் புளிப்புமாகப் பதமாக இருக்கும். கட்டாயம் கட்டியாகும், அதனால் அரை லிட்டர் மோர் தனி பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் கூடவே கூடாது. தேங்காய்ச் சட்னியும் தாங்காது. துவரம்பருப்பு வறுத்து, தண்ணீர் தெளித்து மட்டும் அரைத்த கெட்டித் துவையல் தாங்கும்.

ஜங்ஷன்_ராசா
இவ்வளவு எதுக்கு? சின்ன சிலிண்டரும் அடுப்பும் வேனில் போட்டுக்கிட்டா அங்கேயே சூடாகச் சமைக்கலாமே?

தென்காசி_வாய்க்கால்
வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைத்ததில் ஒன்பது பேர் போனது மறந்துவிட்டதா? சீசனில் வாகன நிறுத்தத்தில் வேனுக்கும் வேனுக்கும் நடுவில் ஆள் நுழையவே இடம் இருக்காது. அங்கே அடுப்பா?

உள்ளூர்க்காரனாக இரண்டு கட்சிக்கும் சொல்கிறேன். கட்டுச்சோறு கொண்டுவருகிறவர்கள் பாத்திரத்தைச் சித்தாற்றில் கழுவாதீர்கள். நல்லெண்ணெய்ப் பிசுக்கு பாறையில் படிந்தால் அடுத்து கால் வைப்பவன் வழுக்கி விழுவான். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும், புளியோதரைச் சட்டிக்கு மட்டும் விலக்கு என்று நினைக்கிறார்கள். அந்த ஆறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து தூத்துக்குடிப் பக்கம் வரை போகிறது. சட்டியைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள்.

பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. வாழை இலையோ மந்தார இலையோ கொண்டுவாருங்கள், எச்சில் இலைக்கு ஒரு சாக்கும் கூட. குரங்குக்கு இலை விரிக்கும் சத்தமே போதும். வேன் கதவைத் திறந்துவைத்து உள்ளே பரிமாறினால் தூக்குச்சட்டியோடு போய்விடும். பழைய குற்றாலம் போகும் வழியில் மரநிழல் பார்த்து, அருவியை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

பாண்டி போட்ட நேரக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. தண்ணீர் யார் சொல்லையும் கேட்காது. மலையில் மழை கொட்டி, பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் குளிக்கத் தடை. எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனான், சீசன் தொடங்குவதற்கும் முன்பே. தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சுள்ளியும் சருகும் வந்தாலோ யாரும் விசில் ஊதும்வரை நிற்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

மேலரதவீதி
இதைத்தான் சொல்ல வந்தேன். தடை போட்டால் அருவியில் நிற்கிற அத்தனை கூட்டமும் கடைக்குள்தான் வரும். வேனில் சோறு இருந்தால் எங்கே தண்ணீர் விடுகிறார்களோ அங்கே போய், குளித்த பிறகு சாப்பிடலாம்.

பரோட்டா_பாண்டி
தடை போட்டா நான் நேரா பார்டருக்குப் போயிருவேன், உங்களுக்கு முன்னாடி இடம் புடிச்சிருவேன். மதியம் தடை எடுத்த பிறகு குளிக்கலாம்.

தென்காசி_வாய்க்கால்
வயிறு முட்ட பரோட்டாவும் கோழியும் தின்றுவிட்டுப் பேரருவிக்கு அடியில் நின்று பாருங்கள், தெரியும். அந்தத் தண்ணீர் தோளில் விழுவது தண்ணீர் மாதிரியே இருக்காது, மூட்டை விழுவது மாதிரி இருக்கும். சாப்பிட்ட பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இது புளியோதரைக்கும் பொருந்தும்.

பாளை_பிச்சிப்பூ
தெருவில் பேசியாகிவிட்டது. மத்தியானத்துக்குப் புளியோதரை, தயிர்ச்சோறு. திரும்பும்போது ஆறு மணிக்குப் பார்டர், சைவத்துக்குத் தென்காசியில் பார்சல். பாத்திரம் கழுவப் பெயர் கேட்டேன், இதுவரை இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள்.

குலவணிகர்புரம்_அக்கா
இரண்டரை கிலோச் சோற்றுக்கு இரண்டு பேர் போதாது. தயிர்ச்சோற்றுச் சட்டி அடிபிடித்துக் காய்ந்திருக்கும், இன்னும் இரண்டு பேர் கேளுங்கள்.

பரோட்டா_பாண்டி
ஆறு மணிக்கு பார்டரா? அந்நேரம் கோழி இருக்குமான்னு போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க.