தோடர் பேசுவது சிதைந்த தமிழா?

தம்பலகாமத்தான்:
நீலகிரிக்குப் போய் வந்த நிலாவெளி நேசன், அந்த மலையின் பழங்குடியினரான தோடரைப் பற்றிய தம் பயணக் குறிப்பில், "தோடர்கள் பேசுவது சிதைந்த தமிழே, அவர்கள் தம் ஊரை மந்து என்கிறார்கள், அது நம் மன்று அல்லாமல் வேறென்ன?" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்தில் ஒரு முற்பகல் மட்டும் நின்றவர், அந்த மக்களின் மொழியையே நம் பெயருக்கு எழுதிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அவரோடு அவர்கள் தமிழில் கதைத்திருப்பார்கள். வந்தவருக்கு விளங்கும் மொழியில் கதைப்பது அவர்களின் பண்பு. தங்களுக்குள் கதைத்தபோது அவர் காது கொடுத்தாரா? அந்த மொழியில் ரகர ஒலி மட்டுமே மூன்று இடங்களில் பிறக்கிறது. 1935இல் நீலகிரிக்கு வந்து அதை ஆராயத் தொடங்கிய மொழியியலாளர் எமனோ, அதைத் தமிழோடு உறவுடைய தனித் திராவிட மொழியாகவே விளக்கினார்.

நிலாவெளி நேசன்:
ஐயா, நான் காங்கேசன்துறையில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத் தண்டவாளத்தில் மலையேறிப் போனவன். நீங்கள் தம்பலகாமத்து வயல் வரம்பில் இருந்துகொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள். மன்று என்றால் தமிழில் மாட்டுத் தொழுவம் என்றும் பொருள் உண்டு. எருமை மேய்ப்பவர்களின் குடியிருப்பு மந்து. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தம்பலகாமத்தான்:
இரண்டு சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மந்து என்பது நீலகிரியின் இன்னொரு சமூகமான படகரும் மற்ற வெளியாரும் வழங்கும் வடிவம். தோடர் வாயில் அது ஏறத்தாழ "மொத்" என்று ஒலிக்கும். வெள்ளைக்காரன் திருகோணமலையை ட்ரிங்கோமலி என்று எழுதினான் என்பதற்காக நம் ஊர்ப்பெயர் சிதைந்த ஆங்கிலம் ஆகிவிடுமா? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் இளையவனை மூத்தவனின் நிழல் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

உப்புவெளி வாசகன்:
நேசன் அண்ணா சொல்வதில் பிழை இல்லை. தமிழ்தான் தாய் என்று சொல்வதற்குக்கூட இனி உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா? கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி நான் எழுதியபோதும் நீங்கள் இதே தொனியில்தான் வந்து என்னைத் திருத்தினீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மூதூர்மகள்:
மொழியை விடுங்கள், நேசன் அண்ணா. அதே குறிப்பில், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்த புத்துக்குளிப் போர்வையைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கியதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணித் தைக்கும் வேலை அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு போர்வையை முடிக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டீர்களா? எங்கள் மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்களையும் "இவர்கள் தமிழ்தானே கதைக்கிறார்கள், இவர்களுக்கென்று தனியாக என்ன இருக்கிறது" என்று சொல்லிக் கடந்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். உங்கள் குறிப்பைப் படித்தபோது அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது.

நிலாவெளி நேசன்:
தங்கச்சி, சந்தையில் பேரம் பேசுவது குற்றம் என்றால் திருகோணமலைச் சந்தையில் பாதிப் பேர் குற்றவாளிகள். விற்றவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பேச்சை மாற்ற வேண்டாம். மந்து என்பது மன்றுதான்.

தம்பலகாமத்தான்:
மந்து மன்றின் உறவு. மன்றின் சிதைவு அன்று. இதை நான் மூன்றாம் முறை எழுதுகிறேன், தேவையானால் முப்பதாம் முறையும் எழுதுவேன். நேசன், நீங்கள் இட்ட ஒளிப்படத்தையும் பார்த்தேன். வில்லாக வளைந்த கூரையும், குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாசலும் கொண்ட கட்டடத்தின் வாசலில் கை வைத்தபடி நிற்கிறீர்கள். அது வீடு என்றால் வீட்டுக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். பாற்கோயில் என்றால் நெருங்கியே இருக்கக் கூடாது. எருமைப் பாலைக் கறந்து கடைவதையே வழிபாடாகக் கொண்டவர்கள் அவர்கள். அதற்கென நியமிக்கப்பட்ட பால்காரப் பூசகர் நுழையும் இடத்தில் தோடப் பெண்களே நுழைவதில்லை. 1901இல் அங்கே போன மானிடவியலாளர் ரிவர்ஸ் மாதக்கணக்கில் தங்கிக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட அவர்கள் இசையவில்லை. நீங்களோ ஒரு முற்பகலில் முடிவு சொல்கிறீர்கள்.

உப்புவெளி வாசகன்:
ரிவர்ஸ் ஆங்கிலேயர், எமனோ கனடாவில் பிறந்தவர். நம் இனத்தைப் பற்றி அவர்கள் சொன்னால் வேதம், நம்மவர் சொன்னால் பிழையா?

மூதூர்மகள்:
தோடர் சொன்னதை யாராவது இங்கே எழுதினீர்களா? தங்கள் மொழி எது என்று அவர்களையே நேசன் அண்ணா கேட்டிருக்கலாம்.

நிலாவெளி நேசன்:
கேட்டேன். "எங்கள் பாஷை வேறு" என்றுதான் ஒரு முதியவர் சொன்னார். சொந்த வேரை அவர்கள் மறந்திருக்கலாம் அல்லவா?

தம்பலகாமத்தான்:
இத்தனை நேரம் இந்தப் பதிலை மறைத்து வைத்திருந்தீர்களா? அந்த முதியவரின் வாக்கைக் குறிப்பின் முதல் வரியாகப் போடுங்கள்.

நிலாவெளி நேசன்:
குறிப்பில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். மந்து என்பது மன்றுதான்.

உப்புவெளி வாசகன்:
மாற்ற வேண்டாம் அண்ணா. கன்னியாவுக்கு நான் எழுதியதையும் நான் மாற்றவில்லை.