பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் கையெழுத்தோடு முடிகிறது. பெற்றோர் என்ன செய்யலாம்?

கேள்வி: அவிநாசிப் பெற்றோர்

அனைவருக்கும் வணக்கம். அவிநாசி வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். சென்ற முறை பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றியமைத்தபோது என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனால் அரை ஷிப்ட் சம்பளம் போய்விடும். அப்படிப் போயும், தீர்மானப் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் பத்திக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. ஆறு முதல் எட்டு வரை கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இல்லை. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தனியார் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாமல், அதே நேரத்தில் வேலையும் நடக்கும்படி, இதை யாரிடம் எப்படிக் கொண்டுபோவது?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

அம்மா, எழுதி முடித்த பத்திக்குக் கீழே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில், குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளியின் நடப்பைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவற்றைக் குழுவின் பணிகளாகவும் அதுவே வகுத்திருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது தயவு அன்று.

ஆனால் கேட்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரையும் ஆசிரியரையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்து எழுதினால், ஒன்றிய அலுவலகம் அதைக் கல்வித்துறை சமாச்சாரம் என்று ஒதுக்கும். கல்வி அலுவலகமோ கட்டட வேலை என்று கோப்பில் போட்டுவிடும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம், கழிப்பறை, குழாய் ஆகியவை வட்டார வளர்ச்சி அலுவலரைச் சேர்ந்தவை. பணியிடம் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டியது. இரண்டு தீர்மானங்கள், இரண்டு கடிதங்கள், ஒவ்வொன்றின் நகலிலும் அலுவலக முத்திரையுடன் பெற்றுக்கொண்ட தேதி. "தண்ணீர் வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழிப்பறைக்குப் போகும் குழாய் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, அந்தக் கழிப்பறையை எத்தனை பெண் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். ஆசிரியர் விஷயத்தில் சட்டத்தின் அட்டவணையையே மேற்கோள் காட்டலாம்: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கும் உண்டு.

அடுத்த கிராம சபையிலும் இதே தீர்மானங்களை வையுங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டுமல்லாமல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் சபை கூடுகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தை இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் அங்கே போனால் மனு மறுபடியும் இதே அலுவலர்களுக்குத்தான் அனுப்பப்படும்.

பதில்: பல்லடம் தறிக்காரர்

ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் அக்கா, தீர்மானத்தைவிட ஆகஸ்டு மாதம் 1-ஆம் தேதியை நீங்கள் மறக்கக் கூடாது. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கான பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். ஐந்தாறு பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டால், இருக்கிற பணியிடமே உபரி என்று வேறு பள்ளிக்குப் போய்விடும். அதன்பின் நாம் எழுதும் கடிதத்துக்கு ஆதாரமே இருக்காது. எங்கள் ஊரில் தறிக்கூட லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளிக்கே வராமல் இருந்தார்கள். குழுவிலுள்ள பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடுவீடாகப் போய், மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே உண்டு என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் சேர்த்தார்கள். இந்த வேலையை யார் அனுமதியும் இல்லாமல் நீங்களே தொடங்கலாம். கூட்ட நேரத்தையும் மாலை ஷிப்ட் முடிந்தபின் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

ஆசிரியர்கள் தரப்பையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களைச் செயலியில் ஏற்ற வேண்டியிருப்பதால்தான் பல தலைமையாசிரியர்கள் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். அதில் எப்போதும் உள்நோக்கம் இருப்பதில்லை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே நீங்கள் பேச விரும்பும் பொருள்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அவை பதிவேட்டில் தாமாகவே இடம்பெறும்.

அவிநாசிப் பெற்றோர்

மூவருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். தற்காலிக ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தை நான் தருகிறேன் என்று எங்கள் கம்பெனி முதலாளி சொல்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

பிள்ளைகளின் பாடம் நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்கலாம். பணத்தை மட்டும் கையில் வாங்காமல் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லி ரசீது கொடுங்கள். 2022-இல் காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசே அனுமதித்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றுதான் நிர்ணயித்தது. அந்தச் சம்பளத்துக்குத் தகுதியானவர் கிடைத்தாலும் நிலைப்பாரா என்பது வேறு கேள்வி. தற்காலிக ஆசிரியர் வந்துவிட்டால் அலுவலகத்தில் குறை தீர்ந்ததாகக் கணக்கு முடித்துவிடுவார்கள் என்பதே என் கவலை. ஆதலால் முதலாளியின் உதவியை ஏற்கும் தீர்மானத்திலேயே, நிரந்தரப் பணியிடம் இன்னும் காலியாகவே உள்ளது, இந்த ஏற்பாடு நடப்புக் கல்வியாண்டுக்கு மட்டுமே என்ற வாசகத்தைச் சேர்த்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.